டீசலில் இருந்து திரும்பி வந்த அம்பாசடர்

ஓடாத பழைய காரைப் பார்த்ததும் நம் ஊரில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். "கார்பரேட்டர்ல அடைப்புங்க." டீக்கடையில் நிற்பவர், டிராக்டர் ஓட்டுபவர், லாரி கிளீனர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லோருக்கும் இது தெரியும். பானெட்டைத் திறந்ததும் மேலாகக் கண்ணில் படுவது அதுதான், நாலு போல்ட்டில் கழன்றும் வந்துவிடும். அதனால் பழியும் அதன் மேலேயே விழுகிறது. பழைய மெக்கானிக்குகள் மட்டும் இதற்கு ஒரு கேலி வைத்திருக்கிறார்கள்: பாதி கார்பரேட்டர் கோளாறு பாயிண்ட்டில் இருக்கும், மீதி டேங்க்கில் இருக்கும்!

மோகனூரில் ஒரு வீட்டு வாசலில் நிற்கும் 1974ஆம் வருஷத்து அம்பாசடரின் கதையும் இதுதான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அந்த வண்டிக்கு ஏன் நான்காவது எஞ்சின் வந்தது என்று சொல்ல வேண்டும்.

அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாவது வரிசை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் செய்யத் தொடங்கி, 2014 மே மாதம் வரை செய்தது. நடுவில் முகப்பு மாறியது, பெயருக்குப் பின்னால் மார்க் இரண்டு, மூன்று, நான்கு என்று எண் ஏறியது. எஞ்சின் மட்டும் ரொம்ப காலம் 1489 சி.சி. பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின்தான். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருந்த காலத்தில், பெட்ரோல் அம்பாசடரை வைத்து டாக்ஸி ஓட்டிப் பிழைக்க முடியாது. கம்பெனியே டீசல் எஞ்சின் போட்டு விற்றது. பழைய வண்டி வைத்திருந்தவர்கள் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு மேட்டடார் வேன் எஞ்சினை இறக்கினார்கள். லாரி பாடி கட்டுவதற்கும் ரிக் வண்டிக்கும் பேர் போன நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் இதெல்லாம் பெரிய வேலையே இல்லை. எந்த எஞ்சினையும் எந்த வண்டியிலும் உட்கார வைக்க ஆள் இருந்தது, லேத் பட்டறையும் இருந்தது.

இந்த வண்டியும் அப்படித்தான் டீசலுக்கு மாறியது. கரூருக்கும் நாமக்கல்லுக்கும் வாடகைக்கு ஓடி, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது. பிறகு முதல் டீசல் எஞ்சின் புகை தள்ள, இன்னொன்று மாற்றினார்கள். அதுவும் போனதும் வண்டி மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. இரும்புக்காரர் இரண்டு முறை வந்து கிலோ கணக்கில் விலை சொல்லிவிட்டுப் போனார். மூத்த பிள்ளை 'கொடுத்துரலாம்' என்ற கட்சி. இளையவர் 'பழையபடி பெட்ரோல் எஞ்சின் போட்டு ஓட்டலாம்' என்ற கட்சி. பெரியவரைக் கேட்டால், "அந்தப் பழைய சத்தம் இன்னொருக்கா கேட்டாப் போதுங்கண்ணு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

சேலத்தில் பழைய பார்ட்ஸ் கடைகளில் அலைந்து ஒரு 1489 எஞ்சின் கிடைத்தது. டிஸ்ட்ரிபியூட்டர் வேறு எங்கிருந்தோ வந்தது. அந்த எஞ்சினோடு பிறந்த கார்பரேட்டர் இல்லை, சோலெக்ஸ் மாதிரி ஒன்று கிடைத்தது. அதன் அடிப்பாகத்து ஓட்டை, எஞ்சினின் இன்டேக் குழாயோடு பொருந்தவில்லை. லேத்தில் கொடுத்து அலுமினியத்தில் ஒரு தகடு கடைந்து நடுவில் வைத்தார்கள். டீசல் டேங்க், டீசல் பைப், டீசல் ஹோஸ் எல்லாம் அப்படியே. 'டீசல் போன வழியில் பெட்ரோல் போகாதா என்ன' என்று ஒரு நினைப்பு.

போனது. வண்டி ஸ்டார்ட்டும் ஆனது. ஆனால்...

காலையில் சோக்கை இழுத்தால் உடனே பிடிக்கும். சோக்கைத் தள்ளியதும் ஐட்லிங் நிற்காது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி மூச்சு வாங்கி, கார்பரேட்டர் வழியாக 'டப்' என்று தும்மிவிட்டுத்தான் கிளம்பும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு நாமக்கல் பக்கம் ஓட்டினால், அணியாபுரம் தாண்டுவதற்குள் இழுவை குறைந்து நின்றுவிடும். அரை மணி நேரம் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று பேரும் கார்பரேட்டரைத்தான் கழற்றினார்கள். ஒருவர் ஜெட்டில் கம்பியை விட்டுக் குத்தினார். ஒருவர் மிக்ஸர் ஸ்க்ரூவை இஷ்டத்துக்குத் திருகினார். மூன்றாமவர் புதுக் காயில் வாங்கச் சொன்னார். இந்த ஜெட்டில் குத்தும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெட் என்பது அளந்து துளைத்த பித்தளை ஓட்டை. சோலெக்ஸ் ஜெட்டின் மேல் 120 என்று எழுதியிருந்தால் 1.20 மில்லிமீட்டர் என்று அர்த்தம். மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு கூடினாலே எஞ்சினின் நடத்தை மாறிவிடும். அதில் கட்டுக்கம்பியை விட்டுக் குடைவது, நகைக்கடைத் தராசில் அம்மிக்கல்லை வைப்பது மாதிரி. காற்று அடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

கார்பரேட்டர் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அந்தக் காலத்து கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பு நினைவிருக்கிறதா? தள்ளினால் காற்று ஒரு குழாயின் வாயை வேகமாக உரசிப் போகும். அங்கே அழுத்தம் குறையும். கீழே டப்பாவில் இருக்கும் மருந்து தானாக மேலே ஏறிப் புகையாகச் சிதறும். கார்பரேட்டரும் அதேதான். இங்கே தள்ளுவதற்குப் பதில் எஞ்சின் காற்றை இழுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எடையில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது முழுதாக எரிவதற்கான கணக்கு. கார்பரேட்டருக்குக் கணக்குப் போடத் தெரியாது. தன் வழியாகப் போகும் காற்றுக்கு மட்டும் பெட்ரோல் அளந்து கொடுக்கும். வேறு சந்து வழியாகக் காற்று நுழைந்தால் அதற்குத் தெரியாது, அதற்குரிய பெட்ரோலும் வராது.

(மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலாந்தில் எஸ்.யு. கார்பரேட்டரோடு வந்தது. எஸ்.யு. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். ஸ்கின்னர் குடும்பம் செருப்பு வியாபாரிகள். முதன்முதலில் செய்த எஸ்.யு. கார்பரேட்டருக்குள் தோலால் ஆன துருத்தி இருந்தது! வீட்டில் இருந்த சரக்கு.)

நாலாவதாக ஒரு வயதான மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையிலேயே எடுக்கவில்லை. "தம்பி, கார்பரேட்டரைக் கடைசியாப் பாக்கலாம். இனி யாரையும் தொட விடாதீங்க" என்றார்.

"அண்ணா, எல்லாரும் அதுதான்னு சொல்றாங்களே."

"சொல்லட்டுங்க. கண்ணுல படறது அதொண்ணுதானே."

அவருடைய வரிசை வேறு. முதலில் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. டேப்பட் சரி செய்தார். அப்புறம் பிளக்கைக் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தார். நல்ல எரிப்பு என்றால் பிளக்கின் நுனி பிஸ்கட் நிறத்தில் இருக்கும். பெட்ரோல் அதிகம் என்றால் கரி படிந்திருக்கும். இங்கே நாலும் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தன. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. கார்பரேட்டர் வழியாகத் தும்முவதும் இதே நோயின் குறிதான். சோக்கை இழுத்தால் நன்றாக ஓடுவதும் அதனால்தான். சோக் என்பது காற்றை அடைத்துப் பெட்ரோலைக் கூட்டும் வழி. ஆக மூன்று குறிகளும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. இதை முதல் நாளே யாராவது யோசித்திருந்தால் புதுக் காயில் காசு மிச்சம்.

ஆனாலும் அவர் காற்றைத் தேடப் போகவில்லை, பாயிண்ட்டுக்குப் போனார். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டிய இடைவெளி, பேப்பர் நுழையாத அளவுக்கு மூடிக் கிடந்தது. கன்டென்சர் மாற்றினார், பிளக் இடைவெளியை 0.6 மில்லிமீட்டர் ஆக்கினார், டைமிங் வைத்தார். எஞ்சின் சத்தம் கொஞ்சம் திருந்தியது. பிறகு டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்து கார்பரேட்டருக்குப் போகும் சின்ன வேக்குவம் குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினார். உறிஞ்சினால் நாக்கு ஒட்டிக்கொள்ள வேண்டும், ஒட்டவில்லை. உள்ளே டயாப்ரம் கிழிந்திருந்தது. அது கிழிந்தால் நஷ்டம் இரண்டு. எஞ்சினின் சுமைக்கு ஏற்ப ஸ்பார்க் முன்னால் நகராது. கூடவே காற்று நுழையத் திருட்டு வழியும் திறந்து கொள்ளும்.

பெரிய திருடன் வேறு இடத்தில் இருந்தான். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பக்கத்தில் ஈரச் சாக்கு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு (இதைத் தவறவிடாதீர்கள்), இன்டேக் குழாயின் இணைப்புகளைச் சுற்றி கிளீனர் ஸ்ப்ரேயைத் துளித்துளியாக அடித்தார். அலுமினியத் தகட்டின் பின்பக்கம் பட்டதும் எஞ்சின் வேகம் குபீரென்று ஏறியது. தகடு சமமாக இல்லை. லேத்தில் கடைந்தவர் ஓட்டையைத் துல்லியமாகப் போட்டிருந்தார், முகத்தை மட்டும் தட்டையாக்கவில்லை. நடுவில் வைத்த பேக்கிங்கும் அட்டைப் பெட்டியில் வெட்டியது. மிக்ஸர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினாலும் ஐட்லிங் மாறாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். சந்து வழியாக வரும் காற்றை ஸ்க்ரூ எப்படிக் கட்டுப்படுத்தும்?

அந்தத் தகட்டுக்கு இன்னொரு குற்றமும் இருந்தது. பி.எம்.சி. எஞ்சினில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கம். கார்பரேட்டர் கிட்டத்தட்ட அடுப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் நடுவில் சூடு கடத்தாத ஒரு கட்டை வைப்பார்கள். இங்கே அதற்குப் பதில் அலுமினியம்! சட்டி செய்கிற உலோகம். சூட்டை அப்படியே வாங்கி அப்படியே மேலே கொடுத்தது. பெட்ரோலில் லேசான பகுதிகள் நாற்பது டிகிரிக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கும். கரூர் பரமத்தியின் வெயில் செய்தியில் வரும் சித்திரை மாதத்தில் பானெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து, பைப்பில் ஆவி அடைத்து, வண்டி நிற்கும். அரை மணி நேரம் ஆறினால் ஓடும். அணியாபுரத்துப் புளிய மரத்தின் மர்மத்தில் பாதி விடுபட்டது. ஹைலம் பலகையில் தடிமனாக ஒரு கட்டை வெட்டி, இரண்டு முகத்தையும் கண்ணாடி மேல் எமரி தாள் வைத்துத் தேய்த்துச் சமமாக்கி, சரியான பேக்கிங்கோடு வைத்தார்கள்.

மீதிப் பாதி பெட்ரோல் வரும் வழியில் இருந்தது. கார்பரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி, பாட்டிலில் விட்டு, எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார்கள். பாய்ந்து வர வேண்டியது விக்கி விக்கி வந்தது. பாட்டிலின் அடியில் கறுப்பு வண்டலும் துருவும். முப்பது வருஷம் டீசல் குடித்த டேங்க். டீசல் இருந்தவரை அதன் எண்ணெய்ப் பசை தகட்டைக் காத்தது, அடியில் பிசினையும் சேர்த்தது. பெட்ரோல் வந்ததும் பிசின் கரைந்து புறப்பட்டது, தகடு துருப்பிடிக்க ஆரம்பித்தது. பழைய ஹோஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் உள் ரப்பர் ஊதி, தோல் உரிந்து, ஒரு நாக்கு போலத் தொங்கியது. பம்ப் இழுக்கும்போது அந்த நாக்கு போய் வழியை அடைக்கும்.

ரப்பர் ஏன் இப்படி ஆனது? இங்கேதான் விஷயம் மோகனூரின் கரும்புக்கு வருகிறது. ஊரில் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது, அதோடு வடிசாலையும் இருக்கிறது. சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் மொலாசஸில் இருந்து ஆல்கஹால் வருகிறது. நாடு முழுக்க அப்படி வரும் எத்தனாலைத்தான் பெட்ரோலில் கலக்கிறார்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025இல் பரவலாக எல்லா பங்க்கிலும் வந்துவிட்டது. இறக்குமதி குறையும், கரும்பு விவசாயிக்குக் காசு வரும் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் 1974இல் செய்த வண்டியிடம் யாரும் கேட்கவில்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊத வைக்கும், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், டேங்க்கில் ஒட்டியிருக்கும் அழுக்கைக் கிளப்பும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எத்தனால் எரிய எடையில் 9 பங்கு காற்று போதும். 20 சதவீதம் கலந்தால் மொத்தக் கணக்கு 14.7இல் இருந்து சுமார் 13.5க்கு இறங்கும். அதாவது அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதலாக எரிபொருள் வேண்டும். இஞ்செக்ஷன் வண்டியில் சைலன்சர் குழாயில் ஒரு சென்சார் இருந்து இதைப் பார்த்துத் திருத்திக் கொள்ளும். கார்பரேட்டருக்குப் பார்க்கக் கண் இல்லை. ஜெட்டைத்தான் மாற்ற வேண்டும். பரப்பு எட்டு சதவீதம் கூட வேண்டுமென்றால் விட்டம் நாலு சதவீதம் கூடினால் போதும். 120 இருந்த இடத்தில் 125. பெரியவர் இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. எல்லாம் சரி செய்த பிறகும் பிளக் கொஞ்சம் வெளுப்பாக இருப்பதைப் பார்த்து, "ஒரு நம்பர் ஏத்துங்க தம்பி" என்றார். குத்திக் கெடுத்த ஜெட்டைத் தூக்கிப் போட்டு, புதிதாக ஒரு நம்பர் பெரியது போட்டார்கள். கணக்கும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

கார்பரேட்டருக்கு அவர் செய்த வேலை அவ்வளவுதான். கூட ஒரு காரியம்: எஞ்சினை நிறுத்திவிட்டு, மேலிருந்து தொண்டைக்குள் பார்த்தபடி ஆக்ஸிலேட்டரைத் தள்ளினார். பெட்ரோல் நூல் போலப் பீய்ச்சி அடித்தது. ஆக்ஸிலேட்டர் பம்ப் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மூன்று பேர் கழற்றி மாட்டியும் அது உயிரோடு இருந்தது ஆச்சரியம்தான்.

இந்தத் தொல்லை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் 1967லேயே போஷ் கம்பெனியின் எலெக்ட்ரானிக் இஞ்செக்ஷன் வந்தது. வருஷம் போகப் போக அதைப் பழுது பார்க்க ஆள் கிடைக்காமல், பலர் பிய்த்தெறிந்துவிட்டு கார்பரேட்டர் மாட்டினார்கள். அங்கேயும் இதே தும்மல், இதே மூச்சு வாங்கல். இஞ்செக்ஷனுக்குப் பெட்ரோல் பம்ப் கடுமையான அழுத்தத்தில் தள்ளும். அதே பம்பைக் கார்பரேட்டரோடு விட்டால் ஃப்ளோட் ஊசி தாங்காமல் வழிந்துவிடும். வேக்குவம் குழாய்களில் ஒன்றை அடைக்க மறந்தால் காற்று பிடிக்கும். ஒரு பொருளை மாற்றிவிட்டு, அதை நம்பி இருந்த ஐந்து பொருளைப் பழையபடி விட்டால் எந்த ஊரிலும் இதுதான் கதை.

வண்டி இப்போது நாமக்கல் வரை சுமார் 18 கிலோமீட்டரும் நிற்காமல் போகிறது, மத்தியான வெயிலிலும். வாங்கல் பாலத்தில் காவிரியைத் தாண்டிக் கரூர் பக்கமும் ஒரு முறை போய் வந்தது. பெரியவர் முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தால், மோகனூர் திரும்பும் இடத்தில், "மூணாவது கியர்ல ஒரு இரைச்சல் இருக்குது, பாருங்க" என்றார்.

கியர் பாக்ஸை விட இழுபறியான வேலை ஆர்.சி. புத்தகம். அதில் எரிபொருள் இன்னும் டீசல் என்றே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ.விடம் அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தது. 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். இந்த வண்டி 2024லேயே 50ஐத் தொட்டுவிட்டது. ஆனால் பாடியிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்யாத, அசல் வடிவில் இருக்கும் வண்டிக்குத்தான் அந்த மரியாதை. பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு முறை எஞ்சின் மாறிய வண்டியை, அதே ஜாதி எஞ்சின் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லி ஒத்துக்கொள்வார்களா? எஞ்சின் நம்பர் பொருந்தாது. இளையவர் பழைய காகிதங்களைத் தகரப் பெட்டியில் தேடிக்கொண்டிருக்கிறார். மூத்தவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட உட்கார்ந்து தேடுகிறார்.

டேங்க்கை இன்னொரு முறை இறக்கிக் கழுவ வேண்டியிருக்கிறது. ஃபில்டரில் துரு வருவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.